'டீகப்ளிங்': விற்பனைச் சார்புநீக்கம் எனலாமா?

ஐயா, மின் நிறுவனத்தின் வருவாயை அது விற்கும் மின்சாரத்தின் அளவிலிருந்து பிரித்துவிடும் முறைக்கு மின்கட்டணத் துறையில் வழங்கும் 'டீகப்ளிங்' (decoupling) என்பதற்குத் தாங்கள் முன்மொழிந்த 'இணைப்பறுப்பு' என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மின்கட்டணம் கட்டாததற்குச் சிவப்பு அறிவித்தல் வந்துசேர்ந்த வீட்டில் இச்சொல்லைச் சொன்னால், வயர் வெட்ட ஆள் வருகிறது என்றே விளங்கிக்கொள்வார்கள். மாற்றாகச் சொல்லப்பட்ட 'பிணைநீக்கம்' எங்கள் பக்கத்தில் நீதிமன்ற வாடை அடிக்கும்.

எதிலிருந்து எதைப் பிரிக்கிறோம் என்று காட்டாத சொல் இங்கே உதவாது. மின்கம்பம், மின்மாற்றி, ஊழியர் சம்பளம் ஆகியவற்றின் செலவு, மக்கள் பாவிக்கும் மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி அலகு விலைக்குள் வைத்தே அறவிடப்படுவதால், தோட்டக் கிணற்றில் பழைய மோட்டரை மாற்றி ஒருவர் மிச்சம்பிடிக்கும் அலகு, வழங்கும் நிறுவனத்துக்கு இழப்பாக முடியலாம். அந்த நிறுவனத்திடமே சிக்கனத் திட்டத்தை ஒப்படைத்தால் மனமுவந்து நடத்துமா? கலிபோர்னியா 1982இல் மின்சாரத்துக்கு இந்தத் தடையை அகற்றியது. இம்முறையில், நிறுவனத்துக்குரிய வருவாயை, மின்துறையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு முன்கூட்டியே தீர்மானிக்கும். விற்பனை கூடியதால் மிகையாக அறவிட்டது பின்னர் கட்டணத்தில் கழிக்கப்படும், குறைந்ததால் விடுபட்டது சேர்க்கப்படும்.

ஆகவே 'விற்பனைச் சார்புநீக்கம்' என்பதை முன்வைக்கிறேன். நீளமான சொல்தான், எனினும் நீக்கப்படுவது எது என்பதில் ஐயமில்லை. 'விற்பனை சாரா வருவாய்' காதுக்கு இனிமையாக இருந்தாலும், கணக்காளர்கள் அதை வாடகை, வட்டி என்று எடுத்துக்கொள்வார்கள்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைத் தெளிவாக எழுதவேண்டும்: இம்முறை தயக்கத்தைப் போக்குமேயன்றி, சேமித்தே ஆகவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தாது. டெக்சாஸ் 1999இல் சட்டத்தின் மூலம், மின்சாரத் தேவையின் அதிகரிப்பில் ஒரு பங்கைச் சேமிப்பால் ஈடுசெய்யும்படி மின் நிறுவனங்களைப் பணித்தது. அதற்கு 'சேமிப்புக் கடப்பாடு' எனத் தனிச்சொல் வேண்டும். எங்கள் நாட்டிலோ, குறைந்த அலகு பாவிக்கும் வீடுகளுக்கு நெடுங்காலமாகச் செலவிலும் குறைந்த விலைக்கே மின்சாரம் விற்கப்பட்டுவந்ததால், அவ்வீடுகள் சேமித்த அலகு மின்சார சபைக்கு இழப்பன்று, ஆதாயமே. கலிபோர்னியாவின் காரணத்தை அப்படியே வன்னி வாசகருக்கு எழுதினால் பொருந்தாது.

மிகையாகவோ குறைவாகவோ அறவிட்டதைப் பதிந்துவைக்கும் கணக்குக்கு 'சமன்செய் கணக்கு' போதுமென எண்ணுகிறேன். கணக்கியல் படிப்பிப்பவர்களிடம் ஏற்கெனவே சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.