லிகண்ட் சேர்த்தும் உருகுநிலை நகரவில்லை, உதவி தேவை

கேள்வி
வணக்கம். மிக் (MYC) என்ற புற்றுநோய் ஜீனின் புரோமோட்டரில் (ஜீனை இயக்கும் பகுதி) உள்ள, குவானின் மிகுந்த 22 எழுத்து டிஎன்ஏ துண்டோடு டிஎம்பைபி4 (TMPyP4) என்ற லிகண்ட், அதாவது ஒட்டும் சிறு மூலக்கூறு, ஒட்டுகிறதா என்று பார்க்கிறேன். டிஎன்ஏ மடிந்த விதத்தை ஒளியால் காட்டும் சிடி ஸ்பெக்ட்ரத்தில் 264 நானோமீட்டரில் மேடு, 240-இல் பள்ளம். ஆக, ஜி-குவாட்ருப்ளெக்ஸ் (குவானின்கள் நான்கு நான்காய் அடுக்கிய நான்கு இழை வடிவம்) இணை வடிவில், இழைகள் ஒரே திசையில், மடிந்திருக்கிறது. லிகண்ட் ஒட்டினால் உருகுநிலை, அதாவது மடிப்பில் பாதி அவிழும் வெப்பநிலை, ஏற வேண்டும். ஆனால் சூடாக்கினால் லிகண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உருகல் கோடு ஒன்றேதான். மூன்று முறை செய்துவிட்டேன். ஒட்டவே இல்லையா? பஃபரில் பொட்டாசியம் பாஸ்பேட், கூடவே 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு.

பதில் 1
கடைசி வரியில்தான் வில்லன் இருக்கிறான். பொட்டாசியம் அயனி குவானின் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து பூட்டு போட்டுவிடும். இவ்வளவு பொட்டாசியத்தில் இந்தத் துண்டு 80 டிகிரி தாண்டித்தான் அவிழும். 95-லாவது கோடு சமதளமாகிறதா? இல்லையென்றால் நீங்கள் குறித்த உருகுநிலையே செல்லாது. லித்தியம் ககோடிலேட் பஃபருக்கு மாறுங்கள் (ஆர்சனிக் உள்ளது, கையுறை கட்டாயம்). பொட்டாசியம் 1 மில்லிமோலார் போதும், மீதி உப்புக்கு லித்தியம் குளோரைடு. லித்தியத்துக்கு அந்த இருக்கை பொருந்தாது. 95-இல் 5 நிமிடம் வைத்து, அவசரப்படாமல் ஆறவிடுங்கள்.

பதில் 2
குவெட்டையும் (கரைசல் ஊற்றும் குவார்ட்ஸ் குப்பி) கவனியுங்கள். டிஎம்பைபி4 போன்ற நேர்மின் போர்பிரின் (வளைய வடிவ நிற மூலக்கூறு) குவார்ட்ஸ் சுவரில் அப்பிக்கொள்ளும், காலி செய்த பிறகும் மஞ்சள் பழுப்புக் கறை நிற்கும். போட்ட அளவு கரைசலில் இருக்கிறதா என்று 422 நானோமீட்டர் உறிஞ்சலில் பாருங்கள். அப்புறம், கோடு நகர்ந்தாலும் உடனே துள்ள வேண்டாம். 2002-இல் லாரன்ஸ் ஹர்லியின் ஆய்வுக் குழு இந்த மூலக்கூறு மிக் ஜீனை அடக்குவதாகக் காட்டியது உண்மைதான், ஆனால் இது இரட்டைச் சுருளிலும் ஒட்டும். இரட்டைச் சுருள் டிஎன்ஏவைப் பல மடங்கு கலந்து மறுபடி உருக்குங்கள். ஒப்பீட்டுக்கு, குவாட்ருப்ளெக்ஸில் வலுவாக ஒட்டாத அதன் உடன்பிறப்பு டிஎம்பைபி2-வும் வையுங்கள்.

கேட்டவர்
நன்றி, இருவருக்கும். பொட்டாசியத்தைக் குறைத்ததும் மேலும் கீழும் சமதளம் வந்தது, லிகண்டோடு கோடு நன்றாக வலப்பக்கம் போனது. இரட்டைச் சுருள் கலந்ததும் அந்த நகர்வில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது, லிகண்ட் அங்கேயும் ஒட்டுகிறது போல. குவெட்டில் கறையும் இருந்தது!

பதில் 2
எதிர்பார்த்ததுதான். அடுத்து பென்-டிசி3 (PhenDC3) என்ற இன்னொரு லிகண்டைப் போட்டுப் பாருங்கள். அது வெளி குவானின் தட்டின் மேல் படிந்து உட்காரும், இரட்டைச் சுருளைப் பெரிதாகச் சீண்டாது.

கேட்டவர்
சரி, முதலில் குவெட்டைக் கழுவிவிட்டு வருகிறேன்.