ப்ளீட், நாலு கலர் கறுப்பு, சென்டர் பின்: அச்சகம் கேட்பது என்ன?

மலர்க்குழு:
ஏ5 அளவில் 46 பக்க ஆண்டு மலரை இன்டிசைனில் முடித்து பிடிஎஃப் அனுப்பினோம். அச்சகத்திலிருந்து வந்த குறிப்பு இது: "ப்ளீட் வேண்டும். மேட்டர் நாலு கலரில் இருக்கிறது, சிங்கிள் பிளாக் ஆக்கவும். சென்டர் பின் என்றால் 48 பக்கம்." மூன்றுமே எங்களுக்குப் புதிது. யாராவது விளக்குவீர்களா?

பழைய பிளேட்:
முதலில் கறுப்பைப் பாருங்கள். மற்றதெல்லாம் சுலபம்.

மல்டிகலர் அச்சுக்கு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நாலு பிளேட் (அச்சுத் தகடு). மேட்டர், அதாவது எழுத்து, நாலிலும் விழுந்தால் நாலும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். ஓடுகிற மெஷினில் தாள் துளி விலகினாலும் போச்சு. பெரிய தலைப்பில் அவ்வளவாகத் தெரியாது. 10 பாயின்ட் மேட்டரில் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாக எட்டிப் பார்க்கும், ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கறுப்பு பிளேட்டில் மட்டும் இருந்தால், அதாவது சிங்கிள் பிளாக் என்றால், பிசகுவதற்கே எதுவும் இல்லை.

பிடிஎஃப்பை அக்ரோபேட் ப்ரோவில் திறந்து, அவுட்புட் பிரிவ்யூவில் கறுப்புக்கு உள்ள டிக்கை எடுங்கள். எழுத்து முழுதாக மறைந்தால் சரி. மங்கலாக ஏதாவது மிச்சம் நின்றால் நாலு கலர். பெரும்பாலும் வேர்டிலிருந்து கொண்டுவந்த மேட்டர்தான் இந்த வேலையைச் செய்யும். அதோடு வரும் ஆர்ஜிபி (திரைக்கான நிறம்) கறுப்பு, சிஎம்ஒய்கே (அச்சின் அந்த நாலு நிறம்) ஆகும்போது நாலாகப் பிரிந்துவிடும்.

ப்ளீட் என்பது வெட்டுக்கு விடும் கூடுதல். கத்தி கொஞ்சம் தள்ளி விழுந்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியுமே, அதற்காக. பக்க ஓரத்தைத் தொடும் படம், வண்ணம் எல்லாம் 3 மி.மீ. வெளியே போக வேண்டும். 148 × 210 மி.மீ. உள்ள ஏ5, ப்ளீட்டோடு 154 × 216 ஆகும். செட்டிங்கில் எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் படத்தை இழுக்காமல் விடுபவர்கள்தான் அதிகம்!

தாள்மடிப்பு:
பக்கக் கணக்கு நான் சொல்கிறேன். ஒரு தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம். அப்படி மடித்தவற்றை ஒன்றுக்குள் ஒன்று செருகி முதுகில் பின் அடிப்பதுதான் சென்டர் பின். அதனால் 4-இன் மடங்கில்தான் வரும். அட்டையின் 4 பக்கமும் உங்கள் 46-இல் அடக்கமா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குழப்பம்தான்.

இன்னொன்று, செருகிய தாள்களில் உள்ளே இருப்பவை வெளியே பிதுங்கும், வெட்டும்போது அவைதான் அதிகம் போகும். பக்க எண்ணை ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். பக்கங்களை ஜோடி சேர்ப்பது அச்சகத்தின் வேலை. நீங்கள் 1, 2, 3 என்று ஒற்றைப் பக்கமாகவே கொடுங்கள்.

மலர்க்குழு:
நன்றி! டிக்கை எடுத்துப் பார்த்தோம். மேட்டர் மங்கலாகத் தெரிகிறது, மாற்றிவிடுகிறோம். ஆனால் பக்க எண் மட்டும் அடர்த்தியாக அப்படியே நிற்கிறதே?

பழைய பிளேட்:
அதற்கு இன்டிசைனின் ஸ்வாட்ச்சில் (நிறப் பட்டியல்) ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ கொடுத்திருப்பீர்கள். பார்க்கக் கறுப்புபோல இருக்கும், ஆனால் நாலு பிளேட்டிலும் 100 சதவீதம். வெட்டுக்குறிகளுக்கான நிறம் அது. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானதை வைக்கும் மாஸ்டர் பக்கத்தில் (புதிய பதிப்புகளில் ‘பேரன்ட்’) அதை ‘பிளாக்’ ஆக்கினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும்.