புதுப்பிப்பு: பாட்டியின் 1918 சவரன்

பாட்டியின் சங்கிலியில் கோத்திருந்த சவரனின் (ஆங்கிலேயர் காலத் தங்கக் காசு) வளையத்தை அகற்றி மெருகேற்றலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். தொடாதீர்கள் என்று தடுத்த அனைவருக்கும் நன்றி. தொடவில்லை.

நேற்று, பழைய நாணயங்களோடு நெடுங்காலம் பழகிய ஒரு பெரியவரிடம் காட்டினேன். லென்ஸை வைத்து அவர் முதலில் தேடியது, காசின் பின்புறத்தில், ஆண்டுக்கு மேலே குதிரையின் காலடியில் ஓடும் தரைக்கோட்டை. அங்கே பொடியாக ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து! அந்த எழுத்து இருந்தால் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது. அங்கே சவரன் அடித்தது அந்த 1918இல் மட்டும்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பிறகு விளிம்புக்கு வந்தார். வளையத்தைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிய இடத்தில் வரிகள் உருகி மழுங்கியிருக்கின்றன. வளையத்தை எடுத்தாலும் தழும்பு போகாது. நாணயங்களுக்குத் தரமிடும் நிறுவனங்கள் இதற்கு மதிப்பெண் தராமல், சேதமடைந்தது என்று குறித்துவிடும். உள்ளிருக்கும் 7.32 கிராம் சுத்தத் தங்கத்தின் விலை எங்கும் போகாது. அதற்கு மேல் சேகரிப்பாளர் தரும் தொகைதான் அடிவாங்கும்.

மெருகேற்றியிருந்தால் இன்னும் கேடு என்றார். விளிம்புத் தழும்பு ஓரிடத்தோடு நிற்கும்; மெருகோ காசில் உள்ள மன்னரின் தாடி முடி, குதிரையின் தசை, அச்சு தந்த இயல்பான ஒளி எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிடும். கைமாறிக் கைமாறித் தேய்ந்தது வேறு கணக்கு: அது சேதமல்ல, தரம் மட்டும் இறங்கும்.

வளையம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பாட்டியின் கழுத்தில் கிடந்த காசு அது.