பெரிய விசிறி சுழன்றால் புற ஊதா விளக்கு வீணாகிவிடுமா?

ஓசூர் மின்பொறியாளர்:
தருமபுரியில் எழும் ஒரு கல்யாண மண்டபத்தில் 20 அடி விட்டமுள்ள கூரை விசிறியையும், காற்றில் இருக்கும் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கையும் சேர்த்துப் பொருத்தலாம் என்று எழுதியிருந்தேன். "விசிறி சுற்றினால் கிருமி ஒளியில் நிற்காது, விளக்குக்குக் கொடுத்த பணம் வீண்" என்று பாலக்கோட்டு நண்பர் தீர்ப்பே எழுதிவிட்டார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஆட்களின் கண்ணிலும் தோலிலும் படாதிருக்க, விளக்கைத் தரையிலிருந்து 7 அடிக்கு மேல் சுவரில் பொருத்துகிறோம். பந்தியில் உட்கார்ந்து இருமுகிறவரின் மூச்சுக்காற்று முழுவதும் தானாக அந்த உயரத்துக்கு ஏறிவிடாது என்பதால்தான் விசிறி தேவைப்படுகிறது.

பாலக்கோட்டான்:
ஐயா, விசிறி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கிருமி சாக ஒளி அதன்மேல் சிறிது நேரமாவது பட வேண்டும். அடித்துத் தள்ளினால் அது எங்கே நிற்கும்?

ஓசூர் மின்பொறியாளர்:
நிற்கவே வேண்டாம். கிருமியின்மேல் படும் ஒளியின் மொத்த அளவே கணக்கு. ஒரு முறை மேலே போகும்போது பாதி நேரமே ஒளியில் இருந்தாலும், அதே கால அளவில் இரண்டு முறை மேலே போய்வருகிறது. பெருவிசிறி வேகமாகச் சுழல்வதும் இல்லை. நீண்ட இறக்கைகளால் மெதுவாகவே நிறையக் காற்றை நகர்த்துகிறது. பெரு நாட்டின் லிமா நகரில் காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. விளக்கு எரியாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 35 விழுக்காட்டுக்குத் தொற்று ஏற்பட்டது. விளக்கும் காற்றைக் கலக்கும் விசிறியும் இயங்கிய நாட்களில் அது 9.5 விழுக்காடுதான்.

பாலக்கோட்டான்:
லிமாவில் சுழன்றது 20 அடி விசிறியா? அதைச் சொல்லாமல் எண்களை அடுக்குகிறீர்கள். கிருமி ஒளியில் நிற்குமா, நிற்காதா?

காவேரிப்பட்டினம் வயரிங்காரர்:
இரண்டு பேரும் இறக்கையை மறந்துவிட்டீர்கள். அலுமினியம் புற ஊதா ஒளியை நன்றாகப் பிரதிபலிக்கும். விளக்கின் ஒளி படும் உயரத்தில் அலுமினிய இறக்கை சுழன்றால், அந்த ஒளி கீழே இருப்பவர்கள் கண்ணில் பட்டு எரிச்சல் உண்டாகாதா?

ஓசூர் மின்பொறியாளர்:
விசிறியையும் விளக்கையும் ஒரே உயரத்தில் வைப்பேன் என்று யார் சொன்னது? பொருத்திய பிறகு, ஆட்கள் உட்காரும் இடமெல்லாம் புற ஊதா ஒளி எவ்வளவு விழுகிறது என்று மீட்டர் வைத்து அளந்த பின்பே மண்டபத்தைத் திறந்துவிடுவேன். பதினைந்து ஆண்டுகளாக ஓசூர் சிப்காட்டில் இந்த வேலையைச் செய்கிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காவேரிப்பட்டினம் வயரிங்காரர்:
அனுபவம் எங்களுக்கும் உண்டு, அண்ணா. போன கோடையில் நான் சொன்ன உயரத்தையும் இப்படித்தான் தள்ளிவிட்டீர்கள்.

பாலக்கோட்டான்:
உயரத்தை அப்புறம் பேசுங்கள். விசிறி விற்கிறவர் விசிறியைப் புகழத்தான் செய்வார்.

ஓசூர் மின்பொறியாளர்:
நான் விசிறி விற்பவன் அல்ல; பொருத்துபவன். வருகிற ஞாயிறு மண்டபத்துக்கு வாருங்கள். நடுவில் இறங்கும் காற்று தரையோடு பரவி, சுவரோரம் ஏறி மறுபடியும் விளக்கிடம் வருவதை ஊதுவத்திப் புகையில் காட்டுகிறேன்.

பாலக்கோட்டான்:
புகை சுற்றுவது எனக்கும் தெரியும். கிருமி நிற்குமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.