வெளியிட்ட மறுநாள் யார் திரும்பி வந்தார்கள்? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தொடங்குபவர் (அப்பாயின்ட்மென்ட் மென்பொருள்)

மென்பொருள் வெளியிடுவது என்றாலே எல்லாரும் லாஞ்ச் நாளைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை சைன்-அப், யார் யார் பகிர்ந்தார்கள். அன்றைக்கு வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் வேடிக்கை பார்க்க வந்தது. அடுத்த வாரமும் திரும்பி வருகிறவர்தான் நமக்கு வேண்டிய ஆள். அப்படி வந்தவர்களிடம் நீங்கள் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்கிறோம். ஒரு பல் மருத்துவமனை தினமும் தவறாமல் பயன்படுத்தியது. எங்கள் கணக்குப்படி எங்களுக்கு வாய்த்த மிக நல்ல வாடிக்கையாளர் அவர்கள்தான். வரவேற்பில் இருக்கும் அம்மாவின் பக்கத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். போன் வரும், ஒரு பழைய நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். போனை வைத்ததும் அந்த நோட்டைப் பார்த்து எங்கள் திரையில் ஏற்றுவார். ஒவ்வொரு அழைப்புக்கும் இதே கதைதான். ஏன் நேரடியாக ஏற்றுவதில்லை என்று கேட்டேன். "போன் பண்றவங்க எடுத்ததும் கிழமையைத்தான் சொல்வாங்க. 'வியாழக்கிழமை சாயங்காலம் வரலாமா'ன்னு. உங்க இது முதல்ல பேரைக் கேக்குது. பேரு கடைசியிலதான் வரும்" என்றார்.

லாக்கில் (மென்பொருள் தானாக எழுதிவைக்கும் பதிவேடு) இது தெரிய வழியே இல்லை. லாக்கைப் பொறுத்தவரை ஒவ்வொரு பதிவும் வெற்றி. முதலில் நாள், அப்புறம் நேரம், கடைசியில் பெயர் என்று வரிசையை மாற்றினோம். அடுத்த முறை போனபோது மேஜையில் அந்த நோட்டு இல்லை. அதுவரை நாங்கள் கூட்டம் போட்டு விவாதித்த எந்த ஃபீச்சரும் அந்த அம்மாவுக்குத் தேவைப்படவில்லை.

கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்புவதால் இதெல்லாம் வெளியே வராது. பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் தடுமாறும்போது "அந்தப் பட்டனை அழுத்துங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் போன காரியமே கெட்டது.

நிறுவனங்களுக்கு விற்பவர்

என் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம்: "இந்த ஒரு வசதி மட்டும் இருந்தா நாளைக்கே வாங்கிடறோம்." இதை நம்பி மாதக்கணக்கில் கோட் எழுதிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். வசதி வந்துவிடும், வாங்குகிறவர் வரமாட்டார்.

ஒரு நிறுவனத்தில் டெமோ காட்டினேன். கொள்முதல் பிரிவில் இருந்தவர் வாயாரப் புகழ்ந்தார். கடைசியில் இதே வாக்கியம். அவருக்கு வேண்டியது ஒரு தனி வடிவ ரிப்போர்ட். "சரி, இன்றைக்கே ஒப்பந்தம் போடுவோம். முதல் மாதப் பணத்தைக் கட்டுங்கள். சொன்ன தேதிக்குள் ரிப்போர்ட் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருகிறேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "மேலிடத்துல கேட்கணும்" என்றார். அந்த மேலிடத்தைப் பார்க்க நேரம் வாங்கித் தரச் சொன்னேன்.

முடிவெடுக்கும் அந்த மேடம் ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாளைக்கு நீங்க கம்பெனியை மூடிட்டா எங்க டேட்டா எப்படி வெளியே வரும்?" மொத்த டேட்டாவையும் ஒரே ஃபைலாக இறக்கும் வசதியை அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினேன். அந்த ஃபைலைத் தன் ஆளிடம் கொடுத்து வேறொரு கணினியில் திறக்கச் சொன்னார். திறந்தது. அந்த வாரமே கையெழுத்தானது. அந்த ரிப்போர்ட்டை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

விலை சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இலவசமாகக் கொடுத்து நூறு பாராட்டு வாங்குவதைவிட, விலை சொன்னதும் ஒருவர் "இவ்வளவா?" என்று கேட்பதில் விஷயம் அதிகம். எதோடு ஒப்பிட்டு அப்படிக் கேட்கிறார் என்று உடனே விசாரியுங்கள். உங்கள் உண்மையான போட்டியாளர் யார் என்று அப்போதுதான் தெரியும். பல நேரம் அது இன்னொரு மென்பொருளாக இருக்காது. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் எக்செல் ஃபைலாக இருக்கும்.

தனியாக ஆப் செய்பவர்

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேதியை அறிவிப்பதற்கு முன்னால் ஆப் ஸ்டோர்க்காரர்களின் விதியைப் படியுங்கள்.

கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், நேராக எல்லாருக்கும் வெளியிட முடியாது. குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும் (முதலில் 20 பேர் என்று இருந்தது). அதற்குப் பிறகுதான் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு தம்பி போஸ்டர் வரைக்கும் தயார் செய்துவிட்டு, இது தெரியாமல் நின்றார். ஆப்பிள் பக்கம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிப்பவர்களுக்குக் கமிஷன் 30-லிருந்து 15 சதவீதமாகக் குறையும். ஆனால் அந்தத் திட்டத்தில் நீங்களாகப் போய்ச் சேர வேண்டும்.

அடுத்தது மெயில். சைன்-அப் செய்தவருக்குப் போகும் முதல் மெயில் ஸ்பேமில் விழுந்தால், லாஞ்ச் நடந்ததே அவருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடியாக இருக்கிறார்கள். மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் டொமைன் வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள். லாஞ்ச் நாள் காலையில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை அது.

சர்வர் பக்கம் இருப்பவர்

மெயில் பற்றி மேலே சொன்னது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். கோடைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, இரவில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பொறியாளர் வேறொரு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபைல்களை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கும் என்று தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் எடுக்கும் ஜாப், டேட்டாபேஸோடு பொருந்தாத பழைய பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லப் போன எச்சரிக்கை மெயில்களோ டிமார்க் காரணமாகவே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) கைவசம் இருந்ததால் பிழைத்தார்கள். மீட்கும் வேலையை நேரலையில் காட்டினார்கள். நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

என்னோடு வேலை பார்த்த ஒரு சீனியர் அக்கா இருந்தார். எந்த டெப்ளாய்க்கும் (புதுப் பதிப்பைச் சர்வரில் ஏற்றுவது) அவரிடம் அனுமதி கேட்டால் "ஏத்துறதை விடு, இறக்கிக் காட்டு" என்பார். டெஸ்ட் சர்வரில் புதுப் பதிப்பை ஏற்ற வேண்டும், பழையதற்குத் திரும்ப வேண்டும், மறுபடி புதியதை ஏற்ற வேண்டும். பழையதற்குத் திரும்பும் ரோல்பேக் கமாண்டை வாயால் சொன்னால் ஏற்கமாட்டார். திரையில் ஓடி அவர் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு காலி மெஷினைக் கொடுத்து, "பேக்கப்பிலிருந்து இதை எழுப்பு" என்பார். ஆரம்பத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஒருநாள் உண்மையாகவே டிஸ்க் போனபோது யாரும் பதறவில்லை. மாதாமாதம் செய்கிற வேலைதானே?

எல்லா மெஷினிலும் ஒரே பதிப்பு ஓடுகிறதா என்று சரிபார்ப்பதையும் அவரிடம்தான் கற்றேன். அதற்கு அவர் காட்டும் உதாரணம் நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. பங்கு வர்த்தகத்துக்கான 8 சர்வர்களில் 7-ல் புதுக் கோட் ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. என்றைக்கோ கைவிட்ட ஒரு பழைய வசதியின் ஃபிளாகையே (வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) புது வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். அதை ஆன் செய்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர்களாக அனுப்பித் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பயன்படாத கோடை நீக்கச் சொன்னால் "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆனவர்

படிக்கப் படிக்கப் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. ஒரு சின்ன ப்ராடக்ட் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு கேள்வி. முதல் நாளே எல்லாருக்கும் திறந்துவிட வேண்டுமா? வேலையை எப்போது விடலாம்? அண்ணா, அக்கா, யாராவது வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சர்வர் பக்கம் இருப்பவர்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் தம்பி. திறக்க வேண்டாம். ஜிமெயிலே 2004 ஏப்ரல் 1 அன்று அழைப்பு இருந்தால்தான் கணக்கு என்று வந்தது. அழைப்பில்லாமல் யாரும் சேரலாம் என்றானது 2007-ல்; 'பீட்டா' (சோதனைப் பதிப்பு) என்ற அடைமொழியை எடுத்தது 2009-ல். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிதானம் தேவைப்பட்டது. எத்தனை பேருக்கு உங்களால் நீங்களே பதில் எழுத முடியுமோ அத்தனை பேரை மட்டும் உள்ளே விடுங்கள். அவர்கள் அனுப்பும் பக் (பிழைகள்) எல்லாம் தீர்ந்த பிறகு அடுத்த கூட்டம்.

தொடங்குபவர்

இரண்டாவதற்கு நான். உங்களைத் தெரியாத ஒருவர், நட்புக்காக இல்லாமல், பணம் கட்டி, அடுத்த மாதமும் கட்டுகிற வரைக்கும் வேலையை விடாதீர்கள். அந்த இரண்டாவது மாதத்துப் பணம் முக்கியம். முதல் மாதம் ஆசையில் கட்டியிருக்கலாம்.

அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை. நீங்கள் கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தத்தை எடுத்து, அறிவுசார் சொத்து பற்றிய பிரிவை வரி விடாமல் படியுங்கள். வேலையில் இருக்கும்போது நீங்கள் எழுதும் எல்லாக் கோடும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சிலர் எழுதியிருப்பார்கள். வெளி வேலைக்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்று வேறு சிலர். புரியாவிட்டால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். இது ஒருபக்கம் நடக்கட்டும். ஆபீஸ் லேப்டாப்பில் உங்கள் ப்ராடக்ட்டின் ஒரு ஃபைல்கூட இருக்கக்கூடாது. ஆபீஸ் கிட் கணக்கு (கோடைச் சேமிக்கும் கணக்கு), ஆபீஸ் மெயில், ஆபீஸ் நேரம் எதுவும் அதன் பக்கம் வரக்கூடாது.

ப்ராடக்ட் யாருக்கானது என்று நீங்கள் சொல்லவில்லையே தம்பி? அதை எழுதுங்கள். அந்தத் துறையில் இருக்கிற யாராவது இங்கே இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு காலை ஒதுக்கித் தருவார்கள்.