பேனல் வீட்டு (ஃபேக்டரில வார்த்த கான்கிரீட் சுவர கொண்டாந்து மாட்டுற வீடு) கம்பெனிய எத வச்சு எடை போட்டீங்க? அனுபவம் சொல்லுங்க

பள்ளத்தூர்க்காரன்:
மூணு கம்பெனிக்கு எக்செல்ல மார்க் போட்டு, 60 நாள்ல சாவின்னு சொன்னவனுக்கு அள்ளிக் குடுத்தவன் நான். சொன்னபடி குடுத்துட்டான், அதுல குறை இல்ல. ஐப்பசில முதல் மழை, விடிகாலைல அப்பத்தா கூப்பிடுது, போய் பாத்தா ரெண்டு பேனல் சேர்ற எடத்துல ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி மேலேர்ந்து கீழ வரைக்கும் ஈரம். அத வெரலால தடவி என் சட்டையில தொடச்சுட்டு "எத்தன மார்க்குடா போட்ட?"ங்குது. ஜாயிண்ட்டுக்கு என் எக்செல்ல ஒரு வரி கூட இல்லங்க.

வளவு வீட்டு ஆச்சி:
இதுக்குத்தான் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு பூசுனாங்க. பெட்டி வீட்ட வாங்கிட்டு அழுதா எப்டி?

தேவகோட்டை சிவில்:
ஆச்சி, உங்க வளவுத் தூணும் பர்மாலேர்ந்து கப்பல்ல வந்ததுதான. சென்னை பெரும்பாக்கத்துல 1152 வீடு ப்ரீகாஸ்ட்ல, அதாவது இதே மாதிரி முன்னாடியே வார்த்து மாட்டுற முறைல கட்டி 2022ல தொறந்தாங்க, முறைய குத்தம் சொல்லாதீங்க. எனக்கு நடந்தது வேற, கிரேன் வந்து நிக்கிது, பேனல இறக்குனா சுவிட்ச் பாக்ஸ் பூராவும் எதிர்ப்பக்கம், இடம் வலம் மாத்தி வார்த்துட்டான், கிரேன் வாடகை மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. அதனால சொல்றேன், நாள் கணக்க விடுங்க, லாரி ஏத்துறதுக்கு முன்னாடி ஃபேக்டரிக்கு போயி ஒவ்வொரு பேனலையும் டிராயிங்கோட ஒத்துப் பாருங்க, 28 நாள் கியூப் ரிப்போர்ட்ட (வார்த்து 28 நாள் கழிச்சு கான்கிரீட் கட்டிய நசுக்கிப் பாத்த பலம்) கேளுங்க, ஜாயிண்ட்டுக்குள்ள கிரவுட் (சிமெண்ட் கலவை) ஊத்துற அன்னிக்கு பக்கத்துலயே நில்லுங்க, மூடிட்டா உள்ள காலியா இருந்தாலும் தெரியாது, அப்புறம் அவங்க கட்டி ரெண்டு மழை பாத்த வீடு ஒண்ணுக்கு நேர்ல போங்க, புது வீட்ட காட்டுனா ஏமாறாதீங்க. பள்ளத்தூர் அண்ணே, ரேரால (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) கம்ப்ளெயின்ட் குடுங்க, 5 வருசம் பொறுப்பு இருக்கு.

புதுவயல் தம்பி:
சிவில் அண்ணே, அந்த 5 வருசம் பில்டர்கிட்ட ஃபிளாட் வாங்குனவங்களுக்கு. இவரு சொந்த மனைல காண்ட்ராக்ட் விட்டுருக்காரு, அக்ரிமென்ட்ல என்ன எழுதிருக்கோ அதான். எங்க மாமாவுக்கு எழுதி வாங்காம போச்சு, போன எடுக்கவே மாட்டேங்கிறான்.

பள்ளத்தூர்க்காரன்:
அக்ரிமென்ட்ல "கசிவு"ங்கிற வார்த்தையே இல்ல தம்பி, இப்பதான் தேடிப் பாத்தேன். நேத்து ரெண்டு பசங்க வந்து ஜாயிண்ட்ட அடைக்கிற சீலண்ட் பசைய வச்சுட்டு, ஃபீட்பேக் ஃபார்ம நீட்டுறாங்க. முதல் கேள்வி, "சொன்ன தேதியில் முடித்தோமா?" அப்பத்தா கையில குடுத்துருக்கேன்.