வாத்தியார் மட்டும் இல்ல... சத்துணவு ஆயா, பியூன், பி.டி. சார்னு மனசுல இன்னும் உறுத்திக்கிட்டு இருக்குற ஒருத்தர் இருந்தா சொல்லுங்க

மேலூர் ரோட்டுக்காரன்:

செப்டம்பர் 5 வந்தா எல்லாரும் வாத்தியார் போட்டோவ ஸ்டேட்டஸ் வைக்கிறாய்ங்க, என்கிட்ட வைக்கிறதுக்கு ஒரு போட்டோ கூட இல்லாத ஆளு ஒருத்தங்க இருக்காங்க. எங்க ஸ்கூல் சத்துணவு சமையக்காரம்மா. பெரியம்மான்னுதான் கூப்பிடுவோம், பேரு என்னன்னு அவங்க செத்த பிறகு போஸ்டர பாத்துதான் தெரியும்.

2000ல நான் ஆறாப்பு. அப்பல்லாம் வாரத்துக்கு ஒரு முட்டைதான், இப்ப மாதிரி தெனமும் கிடையாது. வீட்டுல தங்கச்சிக்கு மூணு வயசு. நான் முட்டைய திங்காம ட்ரவுசர் பையில போட்டு அதுக்கு கொண்டு போயிருவேன். பெரியம்மா இத எப்ப பாத்துச்சுன்னு தெரியல. ஒரு நாள் எனக்கு சோறு போடுறப்ப கரண்டிய கொஞ்சம் அழுத்திப் போட்டுச்சு, "அடிய தோண்டாத, கடைசில தின்னு"ன்னு சொல்லிட்டு அடுத்த தட்டுக்கு போயிருச்சு. சோத்துக்கு அடியில இன்னொரு முட்டை! மேல ஒன்னு கீழ ஒன்னு. இப்படி ஒரு நாலஞ்சு வாரம் ஓடுச்சு.

அப்பறம் ஒரு நாள் ஆபீசர் ஜீப்புல வந்தாரு. வருகைப் பதிவையும் முட்டையவும் வச்சு எண்ணுனா ஒன்னு கொறையுது. சத்துணவு அமைப்பாளர் எல்லா பிள்ளைகளுக்கும் முன்னாடி அந்தம்மாவ பாத்து "வீட்டுக்கு கட்டிக்கிட்டு போறியாக்கும்"னு கேட்டுட்டாரு. "வேகுறப்ப ஒன்னு வெடிச்சிருச்சுங்கய்யா, கோழிக்குப் போட்டேன்"னு சொல்லுச்சு. அப்ப என் பைக்குள்ள ஒரு முட்டை, தட்டுல ஒன்னு. பையில இருந்தது சூடு ஆறல, தொடையில சுட்டுக்கிட்டே இருக்கு. அவரு வையுற நேரம் முழுக்க பெரியம்மா நான் உக்காந்திருந்த பக்கம் ஒரு தடவ கூட திரும்பல. திரும்புனா எங்க நான் மாட்டிக்கிருவேனோன்னுதான். நானும் வாயத் தொறக்கல.

செத்து எட்டு வருசம் ஆச்சு. கேதத்துக்கு போகல, கோயம்புத்தூர்ல வேலைல இருந்தேன். லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாய்ங்க, நான் கேக்கல.

கணக்கு நோட்டு:

தம்பி, கதை நல்லா இருக்கு, ஆனா அந்த அமைப்பாளர வில்லன் மாதிரி எழுதிருக்கீங்க. நான் 19 வருசமா சத்துணவு அமைப்பாளர். எங்க பொழப்பு வெளிய இருக்குறவங்களுக்கு தெரியாது. காலைல வகுப்பு வகுப்பா தலை எண்ணி வாங்கணும், அஞ்சாப்பு வரைக்கும் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதுக்கு மேல 150 கிராம், பருப்பு எண்ணெய் எல்லாம் அந்த கணக்குலதான் எடுக்கணும், முட்டை எத்தனை வந்துச்சு எத்தனை அவிச்சது எத்தனை உடைஞ்சது அழுகுனது எல்லாம் நோட்டுல ஏறணும், ஏறலைன்னா கைக்காசு. 1982ல எம்ஜிஆர் ஆரம்பிச்ச திட்டம், இன்னும் எங்களுக்கு சிறப்பு காலமுறை ஊதியம்தான், ரெகுலர் சம்பளம் இல்ல. 2022 செப்டம்பர் 15 நம்ம மதுரை ஆதிமூலம் ஸ்கூல்லதான் காலை டிபனும் ஆரம்பிச்சாங்க, அதுக்கு மகளிர் குழு ஆளுங்க தனி, அவங்க பாடு வேற. ஆபீசர் முன்னாடி ஒரு முட்டை கொறஞ்சா அந்த அமைப்பாளருக்கு என்ன மெமோ வரும்னு அவரு பயந்திருப்பாரு. வஞ்சது தப்புதான், இல்லைங்கல. ஆனா உடைஞ்சத அன்னைக்கே நோட்டுல எழுதிருந்தா பிரச்சனையே இல்ல. இப்ப யாராச்சும் சமையலரா சேர்றீங்கன்னா முதல்ல அந்த பழக்கத்த பிடிங்க, சாதம் கொழஞ்சா கூட மன்னிப்பாங்க, நோட்டு கொழஞ்சா மன்னிக்க மாட்டாங்க.

என் கதையும் ஒன்னு உண்டு. வெள்ளிக்கெழம ஒரு பிள்ளை, மூணாப்பு, டப்பா கொண்டு வந்து "ஞாயித்துக்கெழமைக்கும் சேத்து போடுங்க டீச்சர்"னு கேட்டுச்சு. ரூல் இல்லன்னு சொன்னேன். டப்பாவ மூடுன சத்தம் இன்னும் கேக்குது.

ஜூன் ஒன்னு:

எங்க ஊரு வாடிப்பட்டி பக்கம். அந்தக் காலத்துல ஒன்னாப்பு சேக்குறப்ப பர்த் சர்டிபிகேட் எல்லாம் எவன் வச்சிருந்தான், வலது கைய தலைக்கு மேல கொண்டு போயி இடது காத தொட்டா வயசு அஞ்சு, அம்புட்டுதான். ஹெச்.எம். மனசுக்கு தோணுன தேதி, பாதி கிளாஸுக்கு ஜூன் 1.

1984ல எங்கம்மா என்னைய கூட்டிட்டு போனப்ப இருந்த பெரிய வாத்தியாரு அப்படி இல்ல. "எப்ப பொறந்தான்"னு கேட்டாரு. அம்மா "அழகர் ஆத்துல எறங்கி மூணாம் நாளு, விடியக்கால"ன்னுச்சு. எந்த வருசம்னா அஞ்சு வருசம் முன்னாடின்னு விரல மடக்கிச்சு. மனுசன் சிரிக்கல. பீரோவ தொறந்து பழைய பாம்புப் பஞ்சாங்கத்த எடுத்தாரு, நாலஞ்சு வருசத்த அடுக்கி வச்சிருப்பாரு போல, எச்சி தொட்டு பக்கத்த திருப்பி சித்ரா பௌர்ணமிய கண்டுபிடிச்சு அதுலருந்து எண்ணி "இந்தா தாயி, உம் மகன் மே மாசம், திங்கக்கெழம"ன்னு சொல்லி எழுதுனாரு. பின்னாடி இருபது பேரு வரிசையில நிக்கிறாங்க. எங்கம்மா அந்த திங்கக்கெழமைய ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சுச்சு.

அடுத்த வருசம் அவரு மாறுதல்ல போயிட்டாரு. புதுசா வந்தவரு என் தம்பிய ஏற இறங்க பாத்து, ஆளு வளத்தியா இருக்கான்னு டிசம்பர் 1979னு போட்டுட்டாரு. நான் மே 1979. ஒரே வயித்துல ஏழு மாச இடைவெளி! பாஸ்போர்ட் ஆபீஸ்ல ரெண்டு பேரும் ஒன்னா போனோம், கவுண்டர்ல இருந்தவரு எங்க ரெண்டு பேர் பேப்பரையும் மாத்தி மாத்தி பாத்தாரு பாருங்க.

சட்டம் தெரிஞ்சவன்:

@ஜூன் ஒன்னு அண்ணே, சிரிச்சுட்டு விட்ருற விஷயம் இல்ல இது. பத்தாப்பு பரீட்சைக்கு பேரு அனுப்புறதுக்கு முன்னாடியே ஸ்கூல் ரெக்கார்டுல மாத்தியிருக்கணும். மார்க் ஷீட் வந்துட்டா கோர்ட்டுக்குதான் போகணும். கெவர்மெண்ட் வேலைன்னா சேந்த 5 வருசத்துக்குள்ள விண்ணப்பம் குடுத்திருக்கணும், ரிட்டயர் ஆகப் போறப்ப போயி நின்னா எந்த கோர்ட்டும் கேக்காது. பொறப்பு பதியாம ஒரு வருசம் தாண்டிருச்சுன்னா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆர்டர் வேணும், அதுக்கு ஊர்ல பதிவு இல்லன்னு ஒரு சான்று வாங்கணும். கெஜட்ல பேரத்தான் மாத்தலாம், பொறந்த தேதிய இல்ல, நெறைய பேரு புரோக்கர்ட்ட காசு குடுத்து ஏமாறுறாங்க. உங்க தம்பி கோர்ட்டுக்குப் போனா நீங்க சாட்சி சொல்லலாம்.

எனக்கு எங்க ஸ்கூல் கிளார்க்க பிடிக்கும், நல்ல மனுசன்.

ஜூன் ஒன்னு:

தம்பிக்கு இப்ப 44ஓ 45ஓ, எனக்கே தெரியல. அவன் ஹாயா இருக்கான், கோர்ட்டுக்கு எதுக்கு. நான் சொல்ல வந்தது பஞ்சாங்கத்த.

உசிலைப் பொண்ணு:

2003 ஜூலை ஸ்ட்ரைக் யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா? நான் அப்ப பத்தாப்பு. ஒன்றரை லட்சத்துக்கு மேல அரசு ஊழியர் ஆசிரியர்கள டெஸ்மான்னு ஸ்ட்ரைக்க தடுக்குற சட்டத்த போட்டு வேலைய விட்டு எடுத்தாங்க. அதுல எங்க கணக்கு மிஸ்ஸும் ஒருத்தர். ஸ்கூலுக்குள்ள வர முடியாது. அவங்க என்ன பண்ணாங்கன்னா எங்க ஒரு பன்னெண்டு பேர அவங்க வீட்டு திண்ணைக்கு சாயங்காலம் வரச் சொன்னாங்க, போர்டு இல்ல, சிமெண்ட் தரையில சாக்பீஸால எழுதுவாங்க, நாங்க சுத்தி நின்னு குனிஞ்சு பாப்போம், எழுதி முடிச்சா ஈரத்துணிய போட்டு தொடச்சிட்டு அடுத்த கணக்கு. தல கீழா தெரியுற பக்கம் நின்னவங்க எல்லாம் அப்படியே படிக்கப் பழகிட்டோம்.

ஒரு நாள் காதுல தோடு இல்ல. ஓட்டை மூடாம இருக்க வேப்பங்குச்சி சொருகியிருந்தாங்க. நான் ஒரு லூசு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி "மிஸ் தோடு எங்க மிஸ்"னு கேட்டுட்டேன். அவங்க வீட்டுக்காரர் உள்ள நிலைப்படியில நிக்கிறாரு. மிஸ் தரையப் பாத்துக்கிட்டே "பாலிஷ் போடக் குடுத்திருக்கேன், நீ எக்ஸ் மதிப்ப சொல்லு"ன்னாங்க. எக்ஸ் மதிப்பு 7. இது மட்டும் மறக்கல.

நடுநிலை நாட்டாமை:

ஒருத்தர் நல்லவங்கன்றதுக்காக ஸ்ட்ரைக் சரின்னு ஆகிடாது. அந்த மாசம் பாதிச்சது பிள்ளைங்கதான், பாதி ஸ்கூல்ல பாடமே நடக்கல. சுப்ரீம் கோர்ட்டே ஆகஸ்ட் 6ம் தேதி அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ற அடிப்படை உரிமை இல்லன்னு சொல்லிருச்சு. என் மாமாவும் வாத்தியார்தான், அவரு போகல, தெனமும் போயி ஸ்கூல தொறந்து வச்சாரு. அவர யாரும் இங்க எழுதப் போறதில்ல.

உசிலைப் பொண்ணு:

உங்க மாமாவ நீங்க எழுதுங்க சார், யாரு வேணாங்குறா. அதே கோர்ட்டு முக்காவாசிப் பேர திரும்ப வேலைக்கு சேக்கவும் வழி பண்ணுச்சு, அதையும் சேத்து சொல்லுங்க. நான் ஸ்ட்ரைக் பத்தி எழுதல, தோட்டப் பத்தி எழுதுனேன்.

கம்மாக்கரை:

சண்டைய விடுங்கப்பா. நான் சிலைமான் தாண்டி. எங்க வரலாறு சாருக்கு ஒரு கிறுக்கு, யாரு வீட்டுல கெணறு தோண்டுனாலும் போயி மண்ண கெளறுவாரு. பசங்கள்ட்டயும் வயக்காட்டுல பழைய ஓடு, பாசி, எது கெடைச்சாலும் கொண்டாங்கடான்னு சொல்லுவாரு. ஜன்னல் திண்டுல வரிசையா அடுக்கி வைப்பாரு. நாங்க "ஓட்டாஞ்சல்லி சார்"னு பேரு வச்சோம். கீழடியில ஏதோ இருக்குன்னு 1970கள்லயே மொதல்ல எடுத்துச் சொன்னதே அந்த ஊர்ல வேலை பாத்த ஒரு ஸ்கூல் வாத்தியார்தான், எங்க சாரு அடிக்கடி அவரப் பத்தி பேசுவாரு, நாங்க கொட்டாவி விடுவோம்.

எனக்கு ஒரு நாள் கையகல ஓடு கெடச்சுச்சு, உள்பக்கம் கறுப்பு, வெளிய செவப்பு, மேல கோடு கோடா ஏதோ கீறல். அத சார்ட்ட குடுக்கத்தான் கொண்டு போனேன். வழியில கம்மாயில தண்ணி நெறஞ்சு கெடக்கு, கூட வந்தவன் சில்லு விட்டான், அஞ்சு தத்து தத்துச்சு. என் ஓடு நல்லா தட்டையா வேற இருந்துச்சா, விட்டேன். ஏழு தத்து. கைதட்டுனாய்ங்க.

2023ல கீழடி மியூசியம் தொறந்த பிறகு பொண்டாட்டி பிள்ளைகளோட போனேன். கண்ணாடிக்குள்ள அதே கறுப்பு செவப்பு ஓடு, அதே மாதிரி கீறல், தமிழி, அதாவது பழங்காலத் தமிழ் எழுத்துன்னு எழுதி வச்சிருக்கு. என் ஓட்டுல இருந்தது எழுத்தா இல்ல கலப்பை கீறுன கோடான்னு யாருக்குத் தெரியும். பையன் "என்னப்பா ரொம்ப நேரமா பாக்குற"ன்னான். ஏழு தத்துன்னு அவன்ட்ட என்னன்னு சொல்ல. சாரு ரிட்டயராகி ஊருக்கே போயிட்டாரு, உசுரோட இருக்காரான்னு விசாரிக்கவும் பயமா இருக்கு.

சட்டம் தெரிஞ்சவன்:

அண்ணே கம்மாய் வத்துற சீசன்ல போயி தேடாதீங்க, பழம்பொருள் கெடச்சு சொல்லாம வச்சுக்கிட்டா பிரச்சனை ஆகிரும். கெடச்சா கலெக்டருக்கு தகவல் சொல்லணும்.

கம்மாக்கரை:

யப்பா சாமி.

மேலூர் ரோட்டுக்காரன்:

@கணக்கு நோட்டு அக்கா, நீங்க சொன்னத ரெண்டு தடவ படிச்சேன். அமைப்பாளர் பக்கம் நான் யோசிச்சதே இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா பெரியம்மா எப்படி நோட்டுல எழுதும், அதுக்கு கையெழுத்தே வராது, கைநாட்டுதான்.

இன்னொன்னு மொத பதிவுல எழுதாம விட்டுட்டேன். பெரியம்மா மக ஒத்தக்கடையில இட்லிக்கடை வச்சிருக்கு, யானைமலை பக்கம் திரும்புற எடத்துல. போன மாசம் தைரியமா போயி உக்காந்தேன். மொகம் அப்படியே பெரியம்மாதான். நாலு இட்லி, ஒரு வட. சொல்லிரலாம்னு தண்ணி குடிச்சு தொண்டைய சரி பண்ணேன், அதுக்குள்ள அந்தக்கா கல்லு பக்கத்துல இருந்து "முட்டை ஒன்னு ஊத்தவாண்ணே"ன்னு கேட்டுச்சு.

வேணாம்க்கான்னு காச வச்சுட்டு வந்துட்டேன்.